மணத்திற்கு முன் ஒரு வார்த்தை
மும்பை தாதர் சிவாஜி பார்க்கின் சுற்றுக்கட்டையில், வேர்க்கடலை ஆறிப்போய்க்கொண்டிருக்க, மாதுங்காவில் தனக்கு நிச்சயமான பெண்ணிடம் பிறப்புறுப்பில் கொப்புளமிடும் ஹெர்ப்பீஸ் தனக்கு உண்டென்று சொல்ல வாயெடுத்து, வார்த்தை வராமல் பொட்டலக் காகிதத்தையே மடித்து மடித்துப் பிரிக்கும் இளைஞனின் சங்கடம் எனக்குப் புரிகிறது. ஆயினும் சொல்லியே ஆக வேண்டும்.

உலகில் 15 முதல் 49 வயது வரையுள்ளோரில் சுமார் 52 கோடிப் பேரிடம் இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்கும் எச்.எஸ்.வி.-2 கிருமி இருப்பதாகவும், அநேகர் அதை அறியாமலே சுமப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும்போது, இதை ஒழுக்கத்தின் களங்கமென்பது அநியாயம். நரம்பில் உறங்கும் அது அடியோடு ஒழியாது. கொப்புளமில்லாத நாளிலும் தொற்றக்கூடும். எனினும் புண் தோன்றும் நாட்களில் விலகியிருந்து, மற்ற நாட்களில் ஆணுறை அணிந்து, வைத்தியர் சொற்படி அசைக்ளோவிர் வகை மாத்திரையைத் தினமும் உட்கொண்டால் அபாயம் பெரிதும் குறையும்.

எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் பரிசோதனை முடிவு வெளிப்பட்டு, நிச்சயித்த திருமணம் நின்றுபோன வழக்கில், அவருடைய அந்தரங்கத்தைவிட மணப்பெண்ணின் ஆரோக்கியமே பெரிதென்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனிதரைப்போல் பிறர் வாயால் அம்பலப்படுவதைக் காட்டிலும், தன் வாயால் சொல்வது எவ்வளவோ மேல்.

சொன்னபின், இருவருமாகப் பரேலிலுள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் பால்வினை நோய் வைத்தியரைக் கண்டு, பிள்ளைப்பேறு பற்றியும் கேட்கலாம்; பிரசவ வேளையில் தாய்க்குப் புண்ணிருந்தால் சிசுவுக்கும் தொற்றக்கூடுமாதலால்.