நஸ்டர்டியம்: கே.ஜி.கண்டிகை வெயிலுக்குத் தாங்குமா, வாய்க்கு ருசிக்குமா?

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போயிருந்தால் இந்தச் செடியைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரச் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் யாரும் நடாமலே படர்ந்து, மஞ்சளும் ஆரஞ்சும் சிவப்புமாகப் பூத்துக் கிடக்கும். இலை வட்டமாக, தாமரை இலையின் குட்டி மாதிரி இருக்கும். காம்பு ஓரத்தில் இல்லாமல் இலையின் அடிப்பக்க நடுவில் ஒட்டியிருக்கும். அதுதான் நஸ்டர்டியம். பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. இலை, பூ, பச்சை விதை மூன்றையும் சாப்பிடலாம்.

மலையில் வளர்வது திருத்தணி பக்கத்துக் கே.ஜி.கண்டிகையில் வளருமா? வளரும். ஆனால் நான்கு மாதத்துக்குத்தான். கோடையில் நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்கள் என்று செய்தியில் வாசிக்கும் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வருவது உங்களுக்குத் தெரியும். அந்த வெயிலில் இந்தச் செடி பிழைக்காது. நிழல்வலை கட்டியும் காப்பாற்ற முடியாது, முயற்சியும் வேண்டாம். நம் பக்கத்தில் இதைப் பனிக்காலச் செடியாக மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது விதைப்பது? நவம்பர் முதல் இரண்டு வாரங்களில். அக்டோபரிலேயே போட்டால் வடகிழக்குப் பருவமழை நின்று கொட்டும்போது விதை அழுகிவிடலாம். நவம்பரிலும் மழை இருக்கும், அதனால் தொட்டியிலோ வளர்ப்புப் பையிலோ விதைத்து, பெருமழை நாளில் தாழ்வாரத்துக்கு இழுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதைத்து ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பூக்கும். டிசம்பர் 31 ராத்திரி திருத்தணியில் படித்திருவிழா நடக்கும்போது மொட்டு தெரிந்தால் உங்கள் கணக்கு சரி. பொங்கலுக்கு நன்றாகப் பூத்திருக்கும்.

விதை எங்கே கிடைக்கும், எதை வாங்குவது? இணையத்திலும் நகரத்து விதைக்கடைகளிலும் கிடைக்கும். குட்டை ரகம், படர் ரகம் என்று இரண்டு உண்டு. குட்டை ரகம் ஓரடி உயரத்தில் புதராக நிற்கும். படர் ரகம் ஆறடி வரை ஓடும். தொட்டிக்குக் குட்டை ரகம் போதும்.

விதை பட்டாணி அளவு இருக்கும், தோல் தடிப்பு. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, விரல் நுனி ஆழத்துக்குப் புதைத்து மண்ணால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் சரியாக முளைக்காது. பத்து நாள் பொறுங்கள். நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் வேர் கோபித்துக்கொள்ளும், ஆகவே வளரப்போகிற இடத்திலேயே விதைப்பது நல்லது. செடிக்குச் செடி ஓரடி இடைவெளி வேண்டும்.

இனி உரம். பெரும்பாலானோர் கெடுப்பது இங்கேதான். நல்ல எண்ணத்தில் சாணியும் கோழி எருவும் யூரியாவும் போடுவார்கள். செடி கொழுகொழுவென்று இலை விடும், பூ வராது. தழைச்சத்து (இலையை வளர்க்கும் நைட்ரஜன்) கூடினால் இதுதான் கதி. நம் செம்மண்ணில் கொஞ்சம் மணல் கலந்து, தண்ணீர் தேங்காமல் வடிகிற மாதிரி நிரப்பினால் போதும். உரமே வேண்டாம். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். காலை வெயில் முழுக்கப் படட்டும். பிற்பகலில் சுவர் நிழல் கிடைத்தால் பிப்ரவரி கடைசி வரை இழுக்கலாம்.

பூச்சி வருமா? வரும். இளந்தண்டிலும் இலைக்கு அடியிலும் அசுவினி அப்பிக்கொள்ளும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து உதிருங்கள். அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். சோப்பு ஏன்? இந்த இலைமேல் தண்ணீர் ஒட்டாது. முத்துமுத்தாகத் திரண்டு, தூசியையும் வாரிக்கொண்டு உருண்டு ஓடிவிடும். சோப்பு இருந்தால்தான் மருந்து படியும். தெளித்த பிறகு சில நாள் அந்தச் செடியிலிருந்து பறிக்காதீர்கள். அசுவினி முழுவதையும் இது தன்பக்கம் இழுத்து மற்ற செடிகளைக் காக்கும் என்று சொல்வதுண்டு. அதை நம்பி அவரைப் பந்தல் அடியில் வைக்க நான் சொல்லமாட்டேன்.

ருசி எப்படி? இலையைக் கிள்ளி மென்றால் முதல் நொடி சாதுவாக இருக்கும். அப்புறம் கடுகு அரைத்த மாதிரி மூக்கில் ஏறும். அதற்குக் காரணம் உண்டு. கடுகு, முள்ளங்கி, முருங்கை, பப்பாளி எல்லாம் தாவரவியலில் இதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். பப்பாளி விதையைக் கடித்தால் வருகிற காரமும் இந்தக் காரமும் ஒரே பொருள்தான். இலை நசுங்கும்போது அதிலுள்ள ஒரு நொதி (வேதிமாற்றத்தைத் தூண்டும் புரதம்) வேலை செய்து அந்தக் காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும், காரமும் போய்விடும்.

ஆகவே இதைக் கீரை மாதிரி வேகவைத்துக் கடையாதீர்கள். பச்சையாக, மசாலாவாகப் பயன்படுத்துங்கள்.

துவையலுக்கு இரண்டு கைப்பிடி இலை, ஒரு மேசைக்கரண்டி உளுந்து, ஒரே ஒரு காய்ந்த மிளகாய், கொஞ்சம் தேங்காய், சிறிது புளி. உளுந்தையும் மிளகாயையும் வறுத்து, நன்றாக ஆறவைத்து, இலையை வதக்காமல் பச்சையாகச் சேர்த்து அரையுங்கள். மிளகாயைக் கூட்டினால் இலையின் காரம் தெரியாது. நம் பக்கத்துத் தெலுங்கு வீடுகளில் புளிச்சக்கீரைப் பச்சடி செய்கிற கை என்றால் இன்னும் சுலபம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டுச் சூடான சோற்றில் பிசைந்தால் போதும்.

தயிர்ப் பச்சடி இன்னும் எளிது. தயிரில் உப்பு போட்டு, தாளித்ததை ஆறவிட்டுக் கலந்து, பொடியாக நறுக்கிய இலையைப் பரிமாறும்போது சேர்த்து, மேலே பூவைப் பிய்த்துப் போடுங்கள். பூவில் காரம் குறைவு. பூவின் பின்னால் வால் மாதிரி நீண்டிருப்பது தேன்குழல். அதைக் கடித்தால் இனிக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் எறும்பும் அதைத் தேடித்தான் வரும். காலையில் பறித்து, உதறி, தண்ணீரில் அலசிய பிறகு வாயில் வையுங்கள்.

பச்சை விதையை என்ன செய்யலாம்? பூ உதிர்ந்ததும் மும்மூன்றாக ஒட்டிக்கொண்டு காய்க்கும். வெள்ளைக்காரர்கள் அதை வினிகரில் ஊறுகாய் போடுவார்கள். நீங்கள் பச்சை மிளகைப் போடுகிற முறையிலேயே போடலாம். ஒரு ராத்திரி உப்புத்தண்ணீரில் வைத்து, வடித்து, ஈரமில்லாத பாட்டிலில் உப்போடு நிரப்பி, விதை மூழ்க எலுமிச்சைச் சாறு ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரத்தில் ஊறிவிடும். தயிர்சாதத்துக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு.

யாருக்கெல்லாம் ஆகாது? குடல்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். கைக்குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மற்றவர்களும் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள்.

இன்னொன்று: இந்தப் பூவைச் சாப்பிடலாம் என்பதால் எல்லாப் பூவையும் சாப்பிடலாம் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. திருத்தணியில் மாலை கட்டும் அரளி கொடிய விஷம். 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு அரளிப்பூவை நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் சேர்ப்பதையே நிறுத்திவிட்டது. பூக்கடையிலோ நர்சரியிலோ வாங்கிய பூவும் வேண்டாம். அதில் என்ன மருந்து அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாக்கெட் விதையில் சாயமாக மருந்து பூசியிருந்தால் அது விதைக்க மட்டுமே. நீங்களே விதைத்து வளர்த்ததைச் சாப்பிடுங்கள்.

மார்ச் பிறந்ததும் இலை மஞ்சளாகும். கீழே உதிர்ந்த முற்றிய விதையைப் பொறுக்கி, நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடுத்த நவம்பருக்கு எடுத்து வையுங்கள். செடியைப் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டு, அதே தொட்டியில் எருவைக் கலந்து தண்டுக்கீரை விதையுங்கள். கோடையை அது தாங்கும்.