உருக்கும் உலையும்

இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்தது உருக்கு எனப்படும். அவ்வுருக்கினின்றே தச்சனுடைய உளியும், வண்டியைத் தாங்கும் வில்லும், ஆலையிற் சுழலும் பற்சில்லும் ஆக்கப்படுகின்றன. உளிக்கு வேண்டுவது மழுங்காத வன்மை. வில்லுக்கு வேண்டுவது வளைந்து மீளுந் தன்மை. பற்சில்லுக்கு வேண்டுவன புறத்தே தேயாமையும் அகத்தே உடையாமையும் ஆம். ஒன்றுக்கொன்று மாறான இக்குணங்கள் ஒரே உலோகத்தினிடத்து எங்ஙனம் அமைகின்றன? காபனின் அளவும் பிற உலோகங்களின் கலப்பும் இதற்குக் காரணமாதல் உண்மையே. ஆயினும், ஒரே பாளத்தினின்று வெட்டியெடுத்த இரு துண்டுகள், அவற்றைச் சூடேற்றி ஆற்றிய முறை வேறுபடின், ஒன்று கண்ணாடிபோல உடைவதும் மற்றொன்று கம்பிபோல வளைவதும் ஆகின்றன.

உலோகத்தை உருக்காமலும் அதன் வடிவை மாற்றாமலும் வெப்பத்தினால் அதன் குணத்தை மாத்திரம் மாற்றுந் தொழிலை வெப்பப் பரிகரிப்பு என்பர். நம் நாட்டுக் கொல்லர் கத்திக்கும் கோடரிக்கும் தோய்ச்சல் இடுவது இத்தொழிலின் எளிய வடிவமே. தொழிற்சாலைகளில் இதற்கென அமைந்த உலைகளின் இயல்பையும், அவற்றில் அளவு பிழைப்பின் நேரக்கூடிய கேட்டையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உருக்கினுள் இரும்பணுக்கள் ஓர் ஒழுங்கான அடுக்கில் அமைந்துள்ளன. சாதாரண வெப்பநிலையில் அவ்வடுக்கிற் காபனுக்கு இடமில்லை என்றே கூறலாம். ஆதலின் காபன் இரும்பின் ஒரு பகுதியோடு கூடி, வன்மையான வேறொரு சேர்வையாகத் தனித்து நிற்கும். 727 பாகை செல்சியசுக்கு மேலே அவ்வடுக்கு மாறத் தொடங்குகிறது. நீரில் உப்புக் கரைவதுபோலப் புதிய அடுக்கினுட் காபன் கரைந்துவிடும். நூற்றுக்கு 0.8 பங்கு காபன் கொண்ட உருக்கு இந்நிலையை முற்றாக அடைந்தபின் காந்தத்தினால் ஈர்க்கப்படுவதில்லை. இவ்வுருக்கை உடனே நீரில் அமிழ்த்திக் குளிரச்செய்தால், கரைந்த காபன் வெளியேற அவகாசமின்றி உள்ளே அகப்பட்டு அடுக்கைத் திரித்து இறுக்குகிறது. தோய்ச்சலினால் வரும் வன்மைக்கு அடிப்படை இதுவே. அடொல்வ் மாட்டென்சு என்னும் செருமானிய அறிஞரின் நினைவாக இவ்வமைப்பு மாட்டென்சைற்று எனப் பெயர் பெற்றது.

இங்ஙனம் பெற்ற வன்மையோடு நொறுங்குந் தன்மையும் உடன்வரும். அதனைத் தணித்தற்கு உருக்கை மீளவும் 150 முதல் 650 பாகை வரையில், அதன் பயனுக்கு ஏற்றவாறு சூடாக்குவர். இது பதப்படுத்தல் எனப்படும். துலக்கிய உருக்கின் மேற்பரப்பில் 220 பாகையளவில் வெளிறிய வைக்கோல் நிறமும், 280 பாகையளவில் ஊதாவும், 300 பாகையளவில் நீலமும் தோன்றும். கூரிய வெட்டுங் கருவிக்கு முன்னையதும் வில்லுக்குப் பின்னையதும் ஏற்றவை எனப் பழைய கொல்லர் தம் அனுபவத்தாற் கண்டிருந்தனர். இவற்றுக்கு மாறாக, உருக்கை மென்மையாக்க வேண்டின் அதனை உலையினுள்ளேயே மெல்ல மெல்ல ஆறவிடல் வேண்டும்.

இனி, உலை செய்யவேண்டிய பணி யாது என ஆராய்வாம். அது மூன்று வகைப்படும்: வேண்டிய வெப்பநிலையைத் தருதல், அதனை வேண்டிய காலத்துக்கு நிறுத்துதல், பொருளைச் சூழ்ந்துள்ள வாயுவைக் காத்தல்.

வெப்பநிலை குறைந்தாற் காபன் முற்றாகக் கரையாது. உருக்கும் எதிர்பார்த்த வன்மையைப் பெறாது. வெப்பநிலை மிகுந்தால் உலோகத்தின் நுண்மணிகள் பருத்து, உருக்கு நொய்மையடையும். இன்னும் மிகுமாயின் அம்மணிகளின் எல்லைகள் உருகி ஒட்சிசனாற் பற்றப்படும். இது எரிந்த உருக்கு எனப்படும்; பின்னர் எத்துணை வெப்பப் பரிகரிப்புச் செய்தாலும் அதனைத் திருத்த இயலாது. அலுமினியக் கலப்புலோகங்களில் இவ்வெல்லை இன்னுங் குறுகியது. 1906இல் அல்பிரட் வில்ம் கண்ட முறையால் வலிமை பெறும் தூரலுமின் ஏறத்தாழ 500 பாகையிற் பரிகரிக்கப்படுவது; அதன் தகுந்த வெப்பநிலையைச் சில பாகைகள் கடப்பினும் உள்ளே உருகுதல் தொடங்கிவிடும்.

காலமும் கருதற்பாலது. உலை சிவந்தமை கொண்டு அதனுள் இருக்கும் பொருளின் நடுப்பகுதியும் சிவந்துவிட்டதெனக் கொள்ளலாகாது. தடிப்பில் ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தொழிலாளர் வழங்கும் பழைய கணக்கு.

மூன்றாவதாகிய வாயுச் சூழலைப் பலர் எண்ணுவதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் சூடேறிய உருக்கின் மேற்புறத்தைச் செதிளாக்குவதோடு, அதன் புறத்தோலிலுள்ள காபனையும் கவர்ந்துகொள்ளும். காபனை இழந்த தோல் வன்மை பெறாது. அத்தகைய உளி சில நாளிலேயே மழுங்கும். ஆதலாற் சில உலைகளில் நைதரசன், ஐதரசன் முதலிய வாயுக்களின் கலவையைச் செலுத்துவர். சிலவற்றிற் காற்றை முற்றாக இறைத்து வெற்றிடமாக்குவர். வேறு சிலவற்றில் உருகிய உப்புக்களின் தொட்டியிற் பொருளை மூழ்கச் செய்வர். உப்புத் தொட்டியில் வெப்பம் எப்புறமும் ஒப்பப் பரவும். ஆயின் ஈரமுள்ள பொருளை அதில் இட்டால் நீர் கணத்தில் ஆவியாகி உருகிய உப்பைச் சிதறடிக்குமாதலின் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

வாயுச் சூழலையே பயனுள்ளதாக்கும் முறையும் உண்டு. காபன் குறைந்த பற்சில்லை 900 முதல் 950 பாகை வரையிற் காபன் மிக்க வாயுவினுள் வைத்தால், சில மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குக் காபன் ஊறும். பின்னர் அதனைத் தோய்க்கப் புறம் வன்மையும் அகம் உறுதியும் பெறும்.

உலைகளின் வடிவம் தொழிலுக்கேற்ப வேறுபடும். நீண்ட தண்டுகள் வளையாதபடி தொங்கவிடுதற்குக் குழியுலையும், பெரும் பொருள்களுக்குத் தண்டவாளத்தில் உருளும் அடித்தளமுடைய உலையும், ஆணி போன்ற சிறு பொருள்களுக்கு இடையறாது நகரும் பட்டையுடைய உலையும் உள. எரிபொருள் எண்ணெயாகவோ வாயுவாகவோ மின்சாரமாகவோ இருக்கலாம். வடிவும் எரிபொருளும் எவையாயினும், உலைக்கு உயிர்நிலை அளவே.

இதனை நிறுவுதற்கு ஓர் உண்மை வரலாறு போதும். ஐக்கிய அமெரிக்காவின் சிபிரிங்பீல்டு ஆயுதசாலையில் 1903ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. 1917இல் அவற்றுட் சில, சுடும்போது வெடித்துச் சிதறின. குறைபாடுள்ள தோட்டாக்களும் இதற்கு ஒரு காரணமாயின. ஆயினும் தோட்டாவைத் தாங்கும் பகுதி சிதறியதேன் என ஆராய்ந்தபோது, உருக்கு அடித்து உருவாக்கப்பட்ட காலத்தில் மிகைவெப்பமடைந்தமை வெளிப்பட்டது. அனுபவமிக்க தொழிலாளர் வெப்பநிலையை நிறத்தைக் கண்டே மதித்துவந்தனர். அளவு கருவி கொண்டு பார்த்தபோது, வெயில் நாளிற் சரியெனத் தோன்றிய நிறத்துக்கும் முகில் மூடிய நாளிற் சரியெனத் தோன்றிய நிறத்துக்கும் பெரிய வேற்றுமை இருந்தது. ஒளிமிக்க இடத்திற் செந்தணல் மங்கித் தோன்றுமாதலின், தொழிலாளர் மேலும் சூடேற்றினர். அம்மிகை சிலவேளை 300 பாகை பரனைற்று, அஃதாவது ஏறத்தாழ 165 பாகை செல்சியசு, வரை சென்றது. இதன்பின் வெப்பமானிகள் பொருத்தப்பட்டன. பரிகரிக்கும் முறையும் 1918இல் மாற்றப்பட்டது. ஏறத்தாழ 800,000 என்னும் தொடரெண்ணுக்கு முற்பட்ட அவ்வாயுதசாலைத் துப்பாக்கிகள் இன்றும் ஐயத்துக்குரியனவாகவே கருதப்படுகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நல்லனவே. எவை நல்லன, எவை தீயன என்பதைப் புறத்தோற்றம் காட்டாது என்பதே துன்பம்.

இத்தொழிலாளர் திறமையற்றவர் அல்லர். கண்ணின் இயல்பே அத்தகையது. அது நிறத்தைச் சூழலோடு ஒப்பிட்டு அறிவதன்றித் தனித்து அளப்பதன்று. அளக்கும் வழியோ முன்னரே அறியப்பட்டிருந்தது. இரு வேறு உலோகக் கம்பிகளை இரு முனைகளிலும் இணைத்து ஒரு முனையைச் சூடாக்கின், அச்சுற்றில் மின் தோன்றும் என்பதற்கு வழிகாட்டிய தோற்றப்பாட்டைச் சீபெக்கு 1821இற் கண்டார். பிளாற்றினமும் பிளாற்றின–உரோடியக் கலப்பும் கொண்ட நம்பத்தகுந்த வெப்பவிணையை 1886இல் இலெ சற்றெலியே என்னும் பிரான்சிய அறிஞர் அமைத்தார். இக்காலத்து உலைகளில் இத்தகைய வெப்பவிணைகளே வெப்பநிலையை உணர்த்தி, எரிபொருளையும் மின்னையும் தாமாகவே கூட்டிக் குறைக்கச் செய்கின்றன.

எனினும் கருவி வந்தமையால் மனிதனுடைய பொறுப்பு ஒழிந்துவிடவில்லை. நெடுநாள் வெப்பத்திற் கிடந்த வெப்பவிணை மெல்ல மெல்லப் பிழையான அளவைக் காட்டத் தொடங்கும். உலையின் ஒரு மூலைக்கும் மற்றொரு மூலைக்கும் வெப்பநிலை வேறுபடும். ஆதலாற் கருவியை மற்றொரு கருவியோடு ஒப்புநோக்கியும், உலையின் பல இடங்களிலும் அளந்தும், முடிந்த பொருளின் வன்மையைச் சோதித்தும் பார்ப்பது நல்ல தொழிற்சாலைகளின் வழக்கமாகும்.

பௌதிக ஆய்வுகூடத்தில் வெப்பவிணையின் இரு கம்பிகளை முறுக்கி, கல்வனோமானியின் முள் அசைவதைக் காணும் மாணவர் அதனைப் பரீட்சைக்குரிய ஒரு பரிசோதனையாகவே கொள்ளுதல் கூடும். அச்சிறு முள்ளின் அசைவை நம்பியே விமானத்தின் உறுப்புக்களும் பேருந்தின் அச்சுக்களும் ஆக்கப்படுகின்றன. கைத்திறன் எத்துணை உயர்ந்ததாயினும் அளவையைத் துணையாகக் கொள்ளல் வேண்டும். அளவையும், அதனை ஐயுற்றுச் சோதிக்கும் மனிதனைத் துணையாகக் கொள்ளல் வேண்டும். பிறர் உயிரைத் தாங்கும் பொருளைச் செய்வோர்க்கு இவ்விரண்டும் இன்றியமையாதன.