எறிந்த கையை நிறுத்துவது யார்?

நீரஜ் சோப்ரா ஈட்டியை விட்டதும் முன்னால் சரிந்து கைகளைத் தரையில் ஊன்றுவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஓடிவந்த உடம்பை நிறுத்தத் தரை இருக்கிறது. ஈட்டியோடு சேர்ந்து பறக்கப் பார்க்கும் கையை யார் நிறுத்துவது? தோளின் பின்பக்கத்துச் சிறு தசைகள்தான். கண் இமைப்பதற்குள் அவை பிரேக் பிடித்தாக வேண்டும்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகள் உண்டு. ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பார்கள். கையை வெளிப்பக்கம் சுழற்றுபவையும் இவற்றில் அடக்கம். எறிந்த கையை இழுத்துப் பிடிப்பவையும் அவையே. நம் பிள்ளைகளோ தண்டால், பெஞ்ச் பிரஸ் என்று நெஞ்சுப் பக்கத்தையே வளர்ப்பார்கள். கண்ணாடியில் தெரிவது அதுதானே! வேகம் கூடுகிறது, பிரேக் பழையபடியே இருக்கிறது.

இந்தக் குறையைத் தீர்க்க ரெசிஸ்டன்ஸ் பேண்ட் என்ற ரப்பர் பட்டை நன்றாக உதவும். டம்பெல் கீழ்நோக்கி மட்டுமே இழுக்கும். பட்டையை எந்தப் பக்கம் கட்டுகிறோமோ அந்தப் பக்கம் இழுக்கும். நீள நீள இழுவையும் கூடும். தெராபேண்ட் வகையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று பலம் ஏறும். பச்சையை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் ஏறக்குறைய 2 கிலோ எதிர்ப்பு. வேறு கம்பெனிகளில் நிறக்கணக்கு மாறலாம், பார்த்து வாங்குங்கள்.

முதலில் கற்க வேண்டிய பயிற்சி இது. பட்டையை முழங்கை உயரத்தில் கம்பத்தில் கட்டி, எறியும் கை தள்ளியிருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். முழங்கையை 90 டிகிரி மடக்கி, விலாவுக்கும் அதற்கும் நடுவே மடித்த துண்டை வையுங்கள். முன்கையை மட்டும் வெளிப்பக்கம் திருப்புங்கள். துண்டு விழுந்தால் முழங்கை விலகிவிட்டது, அதாவது தோள் ஏமாற்றுகிறது. திரும்பி வருவதுதான் முக்கியம்: பட்டை இழுக்க இழுக்க, விட்டுக்கொடுக்காமல் மூன்று எண்ணி வர வேண்டும். பிரேக் வேலையே அதுதான். சடக்கென்று விட்டால் பாதிப் பயிற்சி வீண்.

வளரும் பிள்ளைகள் பட்டை, பளு என்று பயிற்சி செய்தால் உயரம் நின்றுவிடும் என்று அஞ்ச வேண்டாம். சரியான முறையில், பயிற்சியாளர் கண்காணிப்பில் செய்தால் இத்தகைய பயிற்சி பாதுகாப்பானது என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் நிலை. அஞ்ச வேண்டியது அளவுமீறிய எறிதலுக்கு. வளரும் வயதில் மேல்கை எலும்பின் நுனியில் இருக்கும் குருத்தெலும்பு, ஓயாத எறிதலால் புண்படும். பேஸ்பால் ஆடும் அமெரிக்கச் சிறுவர்களிடம் கண்டு, அதற்கு ‘லிட்டில் லீக் தோள்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 18 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 700 கிராம், பெண்களுக்கு 500 கிராம் என்று ஈட்டி எடை குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. ஆர்வக்கோளாறில் 800 கிராம் ஈட்டியைத் திணிக்காதீர்கள்.

பட்டையை வெயிலில் போடாதீர்கள்; வெடிப்பு தெரிந்தால் தூக்கி எறியுங்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும். எறியும்போது தோள் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் பட்டையை நீட்டாதீர்கள், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.