சிமிழளவு தண்ணீர், 900 வாற் சூடு

வெயிலில் உழவு மிசின் ஓட்டியவருக்கு, ரேடியேற்றர் கொதித்தால் வேலை நின்றுவிடும் என்று சொல்லித்தரத் தேவையில்லை. கொல்கத்தாவில் 2018 முதல் இயங்கும் மருத்துவ சைக்கிளோத்திரனிலும் அதே கவலைதான். புற்றுநோயைக் கண்டறியும் பெற் ஸ்கானுக்கான புளோரின்-18 அங்கே தயாராகிறது.

சைக்கிளோத்திரன் வேகமூட்டி அனுப்பும் புரோத்தன் கற்றை போய் மோதும் இலக்கு வெறும் தண்ணீர். ஒரு சிறு சிமிழுக்குள் சில மில்லிலீற்றர்தான், ஆனால் ஒட்சிசன்-18 செறிந்த, விலை கூடிய தண்ணீர். 18 மெகா இலத்திரன்வோல்ற் புரோத்தன்கள் 50 மைக்ரோ அம்பியர் அளவில் பாய்ந்தால் 900 வாற் சூடு. கிட்டத்தட்ட ஓர் அயன்பொக்ஸை அந்தச் சிமிழுக்குள் வைத்த மாதிரி. கற்றை நுழையும் வாசலோ தலைமயிர்த் தடிப்புக்கூட இல்லாத உலோகத் தகடு. வழக்கமாக அதை ஹீலியம் வாயுவும், சிமிழின் முதுகைக் குளிர்நீரும் ஆற்றும். அந்த நீரில் உப்பு இருக்கவே கூடாது. நம்மூர்க் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் விடும் வெள்ளைப் படிவை நினைத்துப் பாருங்கள்!

தகட்டைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும். கதிர்வீச்சு தணியும்வரை காத்திருந்து, நீண்ட இடுக்கியால். இடையில் கிழிந்தால் அன்றைய மருந்து போச்சு. புளோரின்-18 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், நேற்றையதை எடுத்துவைக்கவும் வழியில்லை.