வீட்டுக்குள் மிதிக்கும் சைக்கிள்: பழுதும் பராமரிப்பும்



சக்கர நாற்காலி, வாக்கர், நெபுலைசர், மடக்குக் கட்டில் ஆகியவற்றை நோயாளிகள் உள்ள வீடுகளுக்கு நம் டிரஸ்ட் இரவலாகக் கொடுத்து வருவது உங்களுக்குத் தெரியும். உடற்பயிற்சி சைக்கிளும் அந்த வரிசையில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பியவர்களும், வீடு மாறி வெளியூர் போனவர்களும் சதகாவாகக் கொடுத்தவை இவை. பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் எப்போதும் உண்டு. ஆனால், கொடுத்த சைக்கிள்களில் சில 'ஓடவில்லை' என்று சொல்லி மூலையில் நிறுத்தப்பட்டு, துணி காயப்போடும் கொடியாக மாறிவிடுகின்றன. திரும்பி வந்ததும் பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் மிகச் சிறியது. ஒரு நட்டு தளர்ந்திருக்கும், பேட்டரி தீர்ந்திருக்கும், ஒயர் கழன்றிருக்கும். ஒரு ஸ்பேனரில் பத்து நிமிடத்தில் முடிகிற வேலைக்காக ஒரு சர்க்கரை நோயாளி மாதக்கணக்கில் பயிற்சியை விட்டிருப்பார். அடுத்து காத்திருந்தவருக்கும் அது போய்ச் சேர்ந்திருக்காது.

இது சின்ன விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் சொல்கிறது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். நடந்தாலே போதும்தான். ஆனால் நம் கடம்பூர் வெயிலில், பஸ் போகிற ரோட்டு ஓரத்தில், முழங்கால் வலியோடு இருக்கும் ஒரு உம்மாவைத் தினமும் நடந்து வாருங்கள் என்று சொல்வது எளிது, அவர் நடப்பது கடினம். வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, பாங்கு சொல்லும் வரை மிதிக்க முடிகிற சைக்கிள் அப்படிப்பட்டவர்களுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. 1796-இல் லண்டனில் பிரான்சிஸ் லவுண்ட்ஸ் என்பவர் கையாலும் காலாலும் இயக்கும் ஒரு பயிற்சி இயந்திரத்துக்கு உரிமம் வாங்கினார். இந்த சைக்கிளுக்கு அதையே முன்னோடி என்கிறார்கள். மூட்டு அசைய முடியாதவர்களுக்கு உதவ வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த யோசனை.

நம்மிடம் உள்ளவை இரண்டு வகை. முன்னால் காற்றாடி மாதிரிச் சக்கரம் இருந்து, கைப்பிடியும் சேர்ந்து முன்னும் பின்னும் அசைகிற 'ஏர் பைக்' ஒன்று. சக்கரம் முழுவதும் பிளாஸ்டிக் உறைக்குள் மறைந்து, காந்தத்தால் பளு கூட்டுகிற 'மேக்னடிக்' வகை மற்றொன்று. முதல் வகையில் சத்தம் கூடுதலாக இருக்கும். மிதித்தால் காற்று வீசுகிற சத்தம் பழுது அல்ல. அந்தச் சத்தத்துக்காகவே திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

பெடலும் கிராங்கும்

அதிகம் வருகிற புகார் 'டொக் டொக்' சத்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை அதே இடத்தில் சத்தம் வந்தால், பெடலோ பெடலைத் தாங்கும் கிராங் கம்பியோ தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இதைக் கவனிக்காமல் தொடர்ந்து மிதிப்பதுதான் சைக்கிளைக் கொல்கிறது. தளர்ந்த கிராங் ஆடி ஆடி, தன் நடுவில் இருக்கும் சதுர ஓட்டையைத் தேய்த்து வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. புது கிராங்தான் வாங்க வேண்டும். பழைய மாடலாக இருந்தால் அதுவும் கிடைக்காது. ஆகவே சத்தம் கேட்ட அன்றே நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

பெடலை இறுக்கும்போது ஒரு விஷயம் பலரை ஏமாற்றும். வலது பெடலுக்கு வழக்கமான மரை. இடது பெடலுக்கு எதிர் மரை. இரண்டும் ஒரே மரையாக இருந்தால் மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகவே கழன்று வந்துவிடும் என்பதால் இப்படி அமைத்திருக்கிறார்கள். இது தெரியாமல், இறுக்குகிறோம் என்று நினைத்துக் கழற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஸ்பேனரை பெடல் அச்சில் மாட்டி மேல்நோக்கி நிறுத்துங்கள். ஹேண்டில் பக்கம் தள்ளினால் இறுகும். சீட் பக்கம் இழுத்தால் கழலும். இரண்டு பெடலுக்கும் இந்த ஒரே விதிதான்.

கழன்று விழுந்த பெடலைத் திரும்ப மாட்டும்போது முதல் மூன்று நான்கு சுற்றைக் கையாலேயே சுற்றுங்கள். கையால் போகவில்லை என்றால் கோணலாக ஏறுகிறது, அல்லது இடதும் வலதும் மாறிவிட்டது. அப்போது ஸ்பேனரால் பலம் கொடுத்தால் மரை போய்விடும்.

கிராங் நட்டு, நடுவில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும். மூடியை நெம்பி எடுத்தால் தெரியும். பாக்ஸ் ஸ்பேனர் வீட்டில் இல்லை என்றால் டிரஸ்டில் கேளுங்கள், அல்லது பக்கத்தில் உள்ள சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். உள்ளே இருக்கும் பேரிங்கும் செயினும் அவருக்குப் பழகிய பொருள்தான். 'இது மெஷின், நமக்குத் தெரியாது' என்று அவர்கள் தயங்கினால், பிளாஸ்டிக் உறையைக் கழற்றிக் காட்டுங்கள், தயக்கம் போய்விடும்.

சீட்

பழுது என்று சொல்ல முடியாத ஒரு பழுது இது. வயதானவர்கள் ஏறி இறங்க வசதியாக இருக்கட்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கி வைக்கிறோம். அப்படி மிதித்தால் முழங்கால் மார்பு வரை மடங்கும். நான்கு நாளில் மூட்டு வலி கூடும். 'சைக்கிள் ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிடுவார்கள். உண்மையில் ஒத்துக்கொள்ளாதது சீட்டின் உயரம். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுவே சரியான உயரம். ஏறுவதற்கு ஒரு உறுதியான மனையோ படியோ போட்டு, ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

சீட் குழாயில் ஒரு கோடும் அதன் பக்கத்தில் எழுத்தும் இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும்படி குழாயை மேலே இழுக்கக்கூடாது. குழாயை நிறுத்தும் திருகு, ஓட்டைக்குள் முழுவதும் புகுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குழாயை ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள். பாதி புகுந்த திருகு முதல் நாள் தாங்கும், பத்தாம் நாள் நழுவும். அறுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சீட்டின் அடியில் இருபுறமும் இருக்கும் நட்டுகளையும் மாதம் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். 'கிரீச்' என்று கேட்கிற சத்தத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. சந்தேகம் இருந்தால் சீட்டில் உட்காராமல் பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சத்தம் வரவில்லை என்றால் குற்றம் சீட்டில். வந்தால் கீழே தேட வேண்டும்.

சைக்கிள் ஆடினால், முன்னும் பின்னும் உள்ள குறுக்குக் கால்களின் முனை மூடியைத் திருகிப் பாருங்கள். பல மாடல்களில் அதைச் சுற்றினால் உயரம் கூடிக் குறையும். கல் பாவிய தரையில் நான்கு முனையும் ஒரே மட்டமாக அமைவது அபூர்வம். அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்றைப் போட்டால் ஆட்டமும் குறையும், தரையும் கீறாது.

மீட்டர்

மீட்டர் எரியவில்லை என்றால் முதலில் பேட்டரி. பேட்டரிக் குழியில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, தகட்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டுப் புது பேட்டரி போடுங்கள். மீட்டர் எரிகிறது, ஆனால் வேகம் சைபரிலேயே நிற்கிறது என்றால் பேட்டரி காரணமல்ல. சக்கரத்தோடு சுற்றும் ஒரு சின்னக் காந்தம், பக்கத்தில் உள்ள சென்சாரைக் கடக்கும்போதுதான் மீட்டர் ஒரு சுற்று என்று எண்ணுகிறது. ஹேண்டில் தண்டுக்குள் போகும் ஒயரின் இணைப்பு கழன்றிருக்கலாம், அல்லது சென்சார் விலகியிருக்கலாம். இணைப்பை அழுத்தி மாட்டினாலே பெரும்பாலும் சரியாகும்.

சரியாகாவிட்டாலும் கவலை இல்லை. மீட்டர் இல்லாமலும் சைக்கிள் ஓடும். மணி பார்க்கச் சுவர்க் கடிகாரம் இருக்கிறது. அந்த மீட்டர் காட்டும் கலோரிக் கணக்கை நாங்கள் பெரிதாக நம்புவதில்லை. பல மீட்டர்களுக்கு மிதிப்பவர் யார், அவர் எடை என்ன என்றே தெரியாது. அதை நம்பி 'இன்றைக்கு இத்தனை கலோரி போய்விட்டது, ஸ்டேஷனில் இரண்டு போளி வாங்கலாம்' என்று கணக்குப் போடாதீர்கள். கைப்பிடித் தகட்டில் காட்டும் நாடித்துடிப்பும் தோராயம்தான். அதை வைத்து மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது கூடவே கூடாது.

பளு கூட்டும் குமிழைத் திருகியும் மாற்றமே இல்லை என்றால், குமிழிலிருந்து கீழே போகும் கேபிள் கொக்கியிலிருந்து விடுபட்டிருக்கும். ஏர் பைக்கில் சக்கரத்தைச் சுற்றியுள்ள பட்டை தேய்ந்திருக்கலாம். இதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.

எண்ணெயும் கரிசல் தூசியும்

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சத்தம் வந்ததும் அடுப்படியில் இருப்பதை எடுத்து ஊற்றுவது நம் வழக்கம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி இறுகும். அதன் மேல் நம் ஊர்க் கரிசல் தூசி படிந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரி செயினையும் பேரிங்கையும் அரித்துவிடும். ஆனி, ஆடியில் கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் நம் வீட்டுக்குள்ளும் தூசியைக் கொண்டுவருகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு செயினில் விட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால் போதும். பளு கூட்டும் பட்டையிலும் அது உரசும் இடத்திலும் எந்த எண்ணெயும் படக்கூடாது, பட்டால் வழுக்கும்.

மிதித்து முடித்ததும் ஹேண்டிலிலும் சீட் குழாயிலும் உள்ள வேர்வையைத் துடையுங்கள். வேர்வையில் உள்ள உப்புதான் துருவுக்கு ஆரம்பம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அது வேகமாகப் பரவும். துடைத்த பிறகு ஒரு பழைய வேட்டியைப் போர்த்திவிடுங்கள். ஈரத்துணியை மீட்டர் பக்கம் கொண்டு போகாதீர்கள். மொட்டை மாடியில், தகரக் கூரையின் கீழ் வைக்க வேண்டாம். பிளாஸ்டிக்கும் ரப்பரும் வெடித்துவிடும். நகர்த்தும்போது முன்காலில் உள்ள சின்ன உருளைகளின் மேல் சாய்த்துத் தள்ள வேண்டும்; பிளாஸ்டிக் உறையைப் பிடித்துத் தூக்கினால் உறை கையோடு வந்துவிடும்.

கைலி, சேலை, துப்பட்டா இவற்றின் நுனி காற்றாடிக்குள்ளோ பெடலிலோ சிக்காமல் செருகிக்கொண்டு உட்காருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், பயன்படுத்தாத நேரத்தில் பளுவை முழுவதும் கூட்டி வைத்து, பெடலை ஒரு கயிற்றால் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். ஒரு பிள்ளை மிதிக்க, இன்னொரு பிள்ளை சக்கரத்துக்குள் விரலை விட அதிக நேரம் ஆகாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பளுவே இல்லாமல் ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, வாரம் வாரம் கூட்டிக்கொண்டு போகலாம். இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே ஏற வேண்டும். ரமலானில் நோன்போடு மிதிக்கலாமா, தராவீஹுக்குப் பிறகா என்பதையும் அவரிடமே கேளுங்கள். மிதிக்கும்போது நெஞ்சில் அழுத்தம், மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கை நடுக்கம், திடீர் வேர்வை, கண் இருட்டல் வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கோவில்பட்டி கடலைமிட்டாய் கையில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது உதவாது; கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

சட்டத்தில், முக்கியமாக சீட் குழாய் சேரும் இடத்தில், விரிசல் தெரிந்தால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். நீங்களாகவே வெல்டிங் வைக்க வேண்டாம். எங்களுக்குச் சொல்லுங்கள், வண்டி அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். பழுதானதற்காக யாரிடமும் பணம் கேட்பதில்லை, ஆகவே தயங்காமல் சொல்லலாம். தேவை முடிந்தவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு அலுவலகத்தில் தகவல் கொடுத்தால் போதும். திருப்பித் தரும்போது கூடவே கொடுத்த ஸ்பேனர் பையையும், சைக்கிளில் என்ன கோளாறு இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுத்துவிடுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வீட்டுக்குப் போகும் முன் அதைச் சரிசெய்துவிடுவோம்.