மழை அளவைக் கொண்டு பயிர் இன்ஷியூரன்ஸ்

நாஞ்சில் நாட்டு நன்செய்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகின்றது. மழை பொய்ப்பதாலும் நஷ்டம் உண்டு. கதிர் முற்றுங்காலத்தில் மிகுந்து பெய்வதாலும் நஷ்டம் உண்டு. இதனை ஈடுசெய்யும் இன்ஷியூரன்ஸ் முறைகள் இரண்டு. அவற்றின் வேற்றுமையை விவசாயிகளும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது மகசூலை ஆதாரமாகக் கொண்டது. ஒரு வட்டாரத்தில் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து அறுவடைப் பரிசோதனை நடத்துவர். அதன் சராசரி, முந்தைய ஆண்டுகளின் விளைவைக் கொண்டு வகுத்த உத்தரவாத மகசூலுக்குக் குறைந்தால், குறைவின் விகிதப்படி இன்ஷியூரன்ஸ் செய்தோர் அனைவருக்கும் தொகை கிடைக்கும். வெள்ளம், வறட்சி, பூச்சி, நோய் ஆகியவற்றால் நேரும் குறைவு இதில் அடங்கும். ஆனால் அறுவடை முடிந்து கணக்கு ஒழுங்காகும் வரை காத்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது மழைமானியை ஆதாரமாகக் கொண்டது. இதில் வயலை எவரும் வந்து பார்ப்பதில்லை. உதாரணமாக, குறித்த நாட்களில் 100 மில்லிமீட்டர் மழை வேண்டும் எனவும், குறையும் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 50 ரூபாய் எனவும் ஒப்பந்தம் இருப்பதாகக் கொள்வோம். 60 மில்லிமீட்டரே பெய்தால் 2,000 ரூபாய் கிடைக்கும். கணக்கு எளிது, பணமும் விரைவில் கைக்கு வர ஏதுவுண்டு.

இது புதிய எண்ணமன்று. மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த ஜே. எஸ். சக்கரவர்த்தி 1920இல் வெளியிட்ட நூலிலேயே இம்முறையை விவரித்துள்ளார். எனினும் 2003இல்தான் மகபூப்நகர் ஜில்லாவில் இது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. 2007இல் மத்திய சர்க்கார் கர்நாடகத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய திட்டம், 2016இல் திருத்தியமைக்கப்பெற்றது. அத்திருத்தத்தின்படி விவசாயி செலுத்தும் பங்கு, உணவு தானியங்களுக்குக் காரிப் பருவத்தில் காப்புத்தொகையில் 2 சதவீதத்திற்கும், ரபியில் 1.5 சதவீதத்திற்கும், வாணிபப் பயிர்களுக்கு 5 சதவீதத்திற்கும் மேற்படாது.

அனுகூலம் இவ்வாறாயினும், ஒரு குறையை மறத்தலாகாது. ஈடு கிடைப்பது மழைமானியில் விழுந்த மழைக்கே. வயலில் நேர்ந்த நஷ்டத்திற்கன்று. ஆரல்வாய்மொழிப் பக்கம் வறண்டிருக்க, மேற்கே மலையடிவாரத்தில் மழை கொட்டுவதுண்டு. மேலும், நாஞ்சில் நாட்டு நெல் பெரும்பாலும் 1906இல் கட்டிமுடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையையும் அதன் கால்வாய்களையும் நம்பியது. ஊரில் மழை பெய்தும், மலையில் பெய்யாவிடின் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அப்போது மழைமானி நஷ்டத்தைக் காட்டாது. மழையை மட்டும் அளக்கும் ஒப்பந்தம் காற்றால் சாய்ந்த வாழைக்கும் உதவாது. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயலுக்கு வாழைகளை இழந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஆகையால் பிரீமியம் செலுத்துமுன் விவசாயி மூன்று விஷயங்களைக் கேட்டறிதல் நன்று: மழைமானி எவ்விடத்திலுள்ளது? எந்த நாட்களின் மழை கணக்கிடப்படும்? காற்றும் அதில் சேருமா? 2020 முதல் கடன் பெற்றோர்க்கும் இன்ஷியூரன்ஸ் கட்டாயமன்று. ஆதலின் தீர்மானம் அவரவருடையதே. கிராம உத்தியோகஸ்தர்கள் அடங்கலில் பயிரையும் பரப்பையும் காலத்தில் சரியாகப் பதிதல் வேண்டும். மானாவாரி நிலத்திற்கு மழைக் கணக்கு பெரிதும் பொருந்தும். கால்வாய்ப் பாசன நெல்லுக்கு மகசூல் கணக்கே பெரும்பாலும் தக்க துணையாகும்.