புத்தகத்தை மூடினாலும் 'வாசிக்கிற' குழந்தை... சிக்கல் எங்கே? வீட்டிலேயே கண்டுபிடிப்பது எப்படி?

மூணாம் வகுப்பு படிக்கிற பையன். தமிழ்ப் பாடத்தை எடுத்தால் கடகடன்னு வாசிக்கிறான். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ஒருநாள் புத்தகத்தை மூடிட்டு "அப்புறம் என்ன?"ன்னு கேட்டால், அப்பவும் நிறுத்தாமல் சொல்றான்! அதே பையனிடம் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி "இதுல என்ன போட்டிருக்கு?"ன்னு கேட்டால், முழிக்கிறான்.

அவன் வாசிக்கவில்லை. வகுப்பில் காதால் கேட்டதை மனப்பாடமாக ஒப்பிக்கிறான். இப்படிப்பட்ட குழந்தைகள் பல வீடுகளில் இருக்கிறார்கள். மதிப்பெண் அட்டையில் இது தெரியாமலே போகலாம். ஆனால் நாலாம் வகுப்பு தாண்டும்போது கண்டிப்பாகத் தெரிந்துவிடும்.

நிலைமை எவ்வளவு தீவிரம்?

பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் 'அசர்' ஆய்வில், கிராமப்புற வீடுகளுக்கே சென்று குழந்தைகளை ஒவ்வொருவராக வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்து, சொல், ஒரு சிறிய பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை... இதுதான் சோதனை.

இந்திய அளவில், அரசுப் பள்ளி மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் 20.9 சதவீதம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு, 2022-ல் அது 16.3 சதவீதமாகச் சரிந்தது. 2024-ல் 23.4 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் நாலில் மூன்று குழந்தைகள் இன்னும் அந்தப் பக்கம்தான் நிற்கிறார்கள்.

மூன்றாம் வகுப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

மூன்றாம் வகுப்பு வரை குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு, வாசித்துத்தான் மற்றதையெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். அறிவியல், சமூக அறிவியல், ஏன்... கணக்கில் வரும் வாழ்க்கைக் கணக்குகள் கூட வாசிப்பை நம்பித்தான் இருக்கின்றன. "கணக்கு வரல"ன்னு சொல்லப்படும் குழந்தைக்கு சில சமயம் கணக்கு நன்றாகவே வரும். கேள்வியை வாசிக்கத்தான் வராது.

வாசிக்க வராத குழந்தை புத்தகத்தைத் தொடாது. தொடாததால் பழக்கம் வராது. பழக்கம் வராததால் இன்னும் பின்தங்கும். நன்றாக வாசிக்கும் குழந்தையோ மேலும் மேலும் முன்னே போகும். இந்த இடைவெளி தானாகக் குறையாது.

தமிழில் குழந்தைகள் எங்கே தடுமாறுகிறார்கள்?

"247 எழுத்தும் தெரிஞ்சாத்தான் வாசிக்க முடியும்"ன்னு நினைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், அவற்றை இணைக்கும் குறிகள்... இவை பிடிபட்டால் பெரும்பாலான சொற்களை வாசித்துவிடலாம். சிக்கல் வரும் இடங்கள் இவைதான்:

* இடப்பக்கக் குறிகள்: 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் குறி முதலில் கண்ணில் படுகிறது, ஆனால் வாயில் 'க்' தான் முதலில் வர வேண்டும். 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் குறி. 'வௌவால்' என்பதை 'வெ-ள-வா-ல்' என்று வாசிக்கும் குழந்தை கவனக்குறைவாக வாசிக்கவில்லை. கண்ணில் தெரிவதைத்தான் வாசிக்கிறது.

* உருமாறும் எழுத்துகள்: 'கா', 'சா', 'மா' மூன்றுக்கும் ஒரே துணைக்கால். ஆனால் 'கு', 'சு', 'மு', 'து' என்று வரும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. இந்த வரிசைகளுக்குக் கூடுதல் நேரம் தேவை.

* ஒரே எழுத்து, பல ஒலி: 'பச்சை', 'பசு', 'மஞ்சள்' ஆகிய மூன்றிலும் 'ச' வரிசைதான், ஒலி வேறு. அந்தச் சொல் ஏற்கெனவே தெரிந்த குழந்தை தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத குழந்தை அங்கேயே நின்றுவிடும்.

* நீளமான சொற்கள்: 'போய்க்கொண்டிருந்தபோது' என்பதைப் பார்த்தாலே பயம் வரும். போய் – கொண்டு – இருந்த – போது எனப் பிரித்துக் காட்டினால் பயம் போய்விடும்.

* பேச்சும் புத்தகமும்: வீட்டில் 'வந்துட்டான்', புத்தகத்தில் 'வந்துவிட்டான்'. கதைகளை நிறையக் கேட்டு வளரும் குழந்தைக்குப் புத்தகத் தமிழ் அந்நியமாகத் தெரியாது.

எழுத்துக்கூட்டி வாசித்தால் போதாதா?

போதாது. ஒரு வரியை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும் அளவுக்கு மெதுவாக வாசித்தால், பொருள் மனதில் நிற்காது. அதனால்தான் 2021 ஜூலையில் தொடங்கிய மத்திய அரசின் 'நிபுண் பாரத்' திட்டம், இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள், மூன்றாம் வகுப்பு முடிவில் குறைந்தது 60 சொற்கள் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

அதற்காக ஸ்டாப்வாட்சை வைத்து விரட்டக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. வேகத்தைவிட, திக்காமல் புரிந்து வாசிக்கிறதா என்பதே முக்கியம்.

பள்ளிகளில் என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையின்படி பிரித்துச் சொல்லித் தருவது இதன் அடிப்படை. எல்லாருக்கும் ஒரே பாடத்தை நடத்தாமல், குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவதுதான் நோக்கம். 'வாசிப்பு இயக்கம்' வழியாக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வைத்துச் சிறு புத்தகங்களும் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. உங்கள் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். "நல்லா படிக்கிறானா?" என்ற கேள்வியைவிட இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

வீட்டில் 5 நிமிடச் சோதனை

1. பாடப்புத்தகம் வேண்டாம். குழந்தை இதுவரை பார்க்காத சின்னக் கதை ஒன்றை எடுங்கள்.
2. முதல் வரியிலிருந்து இல்லாமல், நடுவில் ஒரு வரியைத் தொட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.
3. பிறகு கதை முழுவதையும் வாசிக்கச் சொல்லி, "யார் வந்தா? ஏன் அழுதான்?" என்று கேளுங்கள்.

எழுத்திலேயே தடுமாறினால் எழுத்துப் பயிற்சி. வாசித்தும் கதை சொல்லத் தெரியவில்லை என்றால் கதை கேட்பதும் பேசுவதும் குறைவு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

தினமும் 15 நிமிடம் என்ன செய்யலாம்?

முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள். பிறகு குழந்தை மட்டும் வாசிக்கட்டும். திக்கினால் உடனே சொல்லிக் கொடுக்காமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சொல்லைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரே கதையை நாலு நாள் வாசித்தாலும் தவறில்லை, ஆனால் இடையிடையே புதுச் சொற்களையும் காட்டுங்கள். பேருந்துப் பலகை, கடைப் பெயர், சுவரொட்டி எல்லாமே பாடம்தான்.

புத்தகம் வாங்க வசதி இல்லையா? பள்ளி நூலகத்தில் கேளுங்கள். 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் நாலு படிநிலைகளில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்போனிலேயே திறக்கலாம்.

"எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதே!"

பரவாயில்லை. குழந்தையை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். கதை புரிகிற மாதிரி வந்தால் வாசிக்கிறது என்று அர்த்தம். உங்களுக்குப் புரியவில்லை என்றால் குழந்தைக்கும் புரியாமல் இருக்கலாம். பாட்டி சொல்லும் கதையும் வாசிப்புக்கான உரம்தான்.

எப்போது உதவி தேட வேண்டும்?

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத குழந்தையை 'மக்கு' என்று திட்டிய கதைகள் நிறைய. பல மாதம் முறையாகப் பயிற்சி கொடுத்தும் எழுத்துகள் நிற்கவில்லை என்றால், குறிப்பிட்ட கற்றல் குறைபாடாக இருக்கலாம். இதை 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கிறது. ஆசிரியர் மூலம் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரை அணுகலாம்.

அந்தப் பையனுக்கு வருவோம். மனப்பாடம் செய்யத் தெரிந்தவனுக்கு நினைவாற்றல் குறைவில்லை. அவன் சோம்பேறியும் இல்லை. வாசிக்கத் தெரியாததை மறைக்க அவன் கண்டுபிடித்த வழிதான் அது. அவனைத் திட்டினால் இன்னும் நன்றாக மறைப்பான். பக்கத்தில் உட்கார்ந்தால், மெல்ல வாசிக்க ஆரம்பிப்பான்.